ஆம்பூர்ப் போர் (1749): கூட்டணிகளும் படைபலமும்

ஆம்பூர்ப் போர் (ஆகஸ்ட் 3, 1749) கர்நாடக நவாப் பதவிக்காகப் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் நடந்த போர். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கானை சந்தா சாகிப், முஸாஃபர் ஜங், பிரெஞ்சுக்காரர்கள் ஆகியோரின் கூட்டணி தோற்கடித்தது. அன்வருதீன் கான் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். இப்போரிலிருந்து இரண்டாம் கர்நாடகப் போர் தொடங்கியதாகக் கருதப்படுகிறது. ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியதால் அவர்களுடைய ஆவணங்களில் இப்போரின் நாள் ஜூலை 23 என்று உள்ளது.

ஆம்பூரில் வென்றவர்களில் சந்தா சாகிபும் முஸாஃபர் ஜங்கும் மூன்று ஆண்டுகளுக்குள் உயிரிழந்தனர். தப்பியோடிய முகமது அலி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நவாபாக இருந்தார். எந்தத் தரப்பிலும் முழுமையாகச் சேராத வேலூர்க் கோட்டைத் தலைவர் முர்தஸா அலி பன்னிரண்டு ஆண்டுகள் தன் கோட்டையைக் காத்துக்கொண்டார். படைபலம் ஒரு நாளின் வெற்றியைத் தந்தது. அந்த வெற்றி நிலைக்குமா என்பதைக் கூட்டணிகளும் அவற்றுக்கான செலவும் தீர்மானித்தன.

இடம்

ஆம்பூர் இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், வேலூருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் பாலாற்றங்கரையில் உள்ளது. ஒருபுறம் ஜவ்வாது மலைகளும் மறுபுறம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைகளும் அமைந்த பள்ளத்தாக்கு இது. மைசூர் மேட்டுநிலத்திலிருந்தும் பாரமகாலிலிருந்தும் (இன்றைய கிருஷ்ணகிரிப் பகுதி) ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் வழி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகவே சென்றது. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையும் இரயில் பாதையும் இன்றும் இவ்வழியைப் பின்பற்றுகின்றன. தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைந்த இராணிப்பேட்டை - வாணியம்பாடிப் பகுதி, பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டின் மேற்கு வாசலாக இருந்தது.

இந்த வழியில் இரண்டு வலுவான இடங்கள் இருந்தன. ஒன்று ஆம்பூர் மலைக்கோட்டை. மற்றொன்று அகழி சூழ்ந்த வேலூர்க் கோட்டை. வேலூர்க் கோட்டைக்குக் காவலாகக் கிழக்கே உள்ள குன்றுகளிலும் கோட்டைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் முர்தஸாகட்.

பின்னணி

*ஆற்காட்டு நவாப் குடும்பம்*

முகலாயப் பேரரசின் தென்பகுதியை நிர்வகித்த ஐதராபாத் நிஜாமின் கீழ் ஆற்காட்டு நவாப் இருந்தார். சாதத்துல்லா கான் 1710 முதல் 1732 வரை ஆண்டார். அவருக்குப்பின் அவருடைய தம்பி மகன் தோஸ்த் அலி கான் நவாபானார். தோஸ்த் அலியின் மகன் சஃப்தர் அலி. மருமகன்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிய சந்தா சாகிப். மற்றவர் வேலூர்க் கோட்டையை வைத்திருந்த முர்தஸா அலி.

1740 மே மாதம் ரகோஜி போன்ஸ்லே தலைமையில் வந்த மராட்டியப் படை தாமல்செருவு கணவாயில் தோஸ்த் அலியைக் கொன்றது. சஃப்தர் அலி பெருந்தொகை தருவதாக ஒப்புக்கொண்டு பதவியைக் காப்பாற்றிக்கொண்டார். 1741 மார்ச்சில் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றி, சந்தா சாகிபைச் சிறைப்படுத்தி சதாராவுக்குக் கொண்டுசென்றனர். அவருடைய குடும்பம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் பாதுகாப்பில் இருந்தது. இந்த உறவு பின்னர் ஆம்பூர்க் கூட்டணிக்கு அடிப்படையானது.

*வேலூர்க் கொலை*

மராட்டியருக்குத் தரவேண்டிய பணத்தைத் திரட்ட சஃப்தர் அலி தன் கோட்டைத் தலைவர்களிடம் பாக்கியைக் கேட்டார். முர்தஸா அலி செல்வம் மிகுந்தவர் என்று பெயர்பெற்றிருந்தார். 1742 அக்டோபரில் வேலூர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது சஃப்தர் அலி கொல்லப்பட்டார். முர்தஸா அலி ஆற்காடு சென்று நவாபாக அறிவித்துக்கொண்டார். ஆனால் படையினர் சம்பள பாக்கி கேட்டுத் திரண்டனர். அவர் பெண்வேடமிட்டு மூடுபல்லக்கில் வேலூருக்குத் தப்பிச்சென்றதாக ராபர்ட் ஓர்ம் தன் வரலாற்றில் எழுதினார்.

1743-இல் நிஜாம்-உல்-முல்க் பெரும்படையுடன் வந்து திருச்சிராப்பள்ளியை மராட்டியரிடமிருந்து மீட்டார். 1744-இல் அன்வருதீன் கான் ஆற்காட்டின் பொறுப்புக்கு வந்தார். சஃப்தர் அலியின் இளம் மகன் அவருடைய பாதுகாப்பில் விடப்பட்டான். அதே ஆண்டில் ஒரு திருமண நிகழ்வில் அச்சிறுவன் கொல்லப்பட்டான். முர்தஸா அலி மீதும் அன்வருதீன் மீதும் மக்கள் ஐயம் கொண்டனர். நிஜாம் அன்வருதீனையே நவாபாக உறுதிசெய்தார். பழைய நவாப் குடும்பத்துக்கு வேண்டியவர்கள் பலர் நாடு முழுவதும் கோட்டைகளை வைத்திருந்தனர். அவர்களுக்கு அன்வருதீன் வெளியாள்.

*அடையாற்றுப் போர்*

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றினர். புதுச்சேரி ஆளுநர் தூப்ளே சென்னையை நவாபிடம் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார், ஆனால் ஒப்படைக்கவில்லை. அன்வருதீன் தன் மகன் மஹ்ஃபூஸ் கானை ஏறத்தாழ 10,000 வீரர்களுடன் அனுப்பினார். அடையாற்றங்கரையில் பராதி தலைமையிலான சுமார் 230 ஐரோப்பியர்களும் 700 சிப்பாய்களும் அப்படையை முறியடித்தனர். வேகமாகச் சுடும் பயிற்சியும் துப்பாக்கிமுனை ஈட்டியும் எண்ணிக்கையை வெல்லும் என்பது இப்போரில் தெரிந்தது.

கூட்டணி உருவாதல்

1748 ஜூன் மாதம் நிஜாம்-உல்-முல்க் இறந்தார். அவருடைய இரண்டாம் மகன் நாசிர் ஜங் பதவியைக் கைப்பற்றினார். மகள்வழிப் பேரன் முஸாஃபர் ஜங் அதற்கு உரிமை கோரினார். அதே ஆண்டில் சந்தா சாகிப் மராட்டியச் சிறையிலிருந்து விடுதலையானார். இவ்விடுதலைக்கு தூப்ளே உதவினார்.

மூன்று தரப்புகளிடமும் வெவ்வேறு பலமும் வெவ்வேறு குறையும் இருந்தன. முஸாஃபர் ஜங்கிடம் நிஜாம் பதவிக்கான உரிமைக்கோரிக்கை இருந்தது, நாடு இல்லை. சந்தா சாகிபுக்கு ஆற்காட்டு நாட்டின் கோட்டைத் தலைவர்களிடம் உறவும் செல்வாக்கும் இருந்தன, பணம் இல்லை. தூப்ளேயிடம் பயிற்சி பெற்ற காலாட்படையும் பீரங்கியும் இருந்தன. ஐரோப்பாவில் 1748 அக்டோபரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானதால் அப்படைக்கு வேலை இல்லை, சம்பளச் செலவு மட்டும் இருந்தது. படையை வாடகைக்குத் தந்து நிலவருவாய் பெறுவது அவருக்கு இலாபமாகத் தோன்றியது.

ஆங்கிலேயரும் அதே ஆண்டில் இதைச் செய்தனர். தஞ்சாவூர் அரியணையை இழந்த ஷாஜிக்கு ஆதரவாகப் படையெடுத்து, பின்னர் அவரைக் கைவிட்டு, ஆட்சியிலிருந்த பிரதாப சிம்மனுடன் உடன்பட்டு 1749-இல் தேவிக்கோட்டையைப் பெற்றனர்.

போர்

அன்வருதீன் ஏறத்தாழ 12,000 குதிரைவீரர்களுடனும் 8,000 காலாட்களுடனும் ஆம்பூரில் வழிமறித்து நின்றதாக ஓர்ம் குறிப்பிடுகிறார். கூட்டணிப் படை 40,000 என்பது அவர் தரும் கணக்கு. அதில் பிரெஞ்சுத் தளபதி தொத்தேயின் கீழ் இருந்தவர்கள் 400 ஐரோப்பியர்களும் 2,000 சிப்பாய்களும் மட்டுமே.

நவாப் தேர்ந்த இடம் வலுவானது. அவருடைய அகழிக்கும் மண்ணரணுக்கும் ஒருபுறம் மலையும் மறுபுறம் பெரிய ஏரியும் காவலாக இருந்தன. நாடோடி ஐரோப்பியர் சிலர் அவருடைய பீரங்கிகளை இயக்கினர். பள்ளத்தாக்கின் குறுகலில் எதிரியின் எண்ணிக்கைக்குப் பயன் குறைவு.

தொத்தேய் தன் படை மட்டுமே அரணைத் தாக்கும் என்று முன்வந்தார். கூட்டாளிகள் உடனே ஏற்றனர். அவர்களுடைய குதிரைப்படை பின்னால் நின்றது. முதல் தாக்குதலைப் பீரங்கிகள் தடுத்தன. இரண்டாம் தாக்குதலில் தொத்தேய் தொடையில் காயமடைந்தார். மூன்றாம் தாக்குதலில் அரண் உடைந்தது. பின்னாளில் ஐதராபாத்தில் புகழ்பெற்ற புஸ்ஸி இப்போரில் பங்கேற்றார்.

அரண் உடைந்தபின் கூட்டாளிகளின் படை உள்ளே நுழைந்தது. எழுபது வயதைக் கடந்த அன்வருதீன் யானைமேல் இருந்தபடி சந்தா சாகிபின் யானையை நோக்கி முன்னேறினார். அப்போது துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். மூத்த மகன் மஹ்ஃபூஸ் கான் பிடிபட்டார். இளைய மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பினார்.

படையின் இயல்பு

நவாப் இறந்ததும் படை கலைந்ததற்கு அச்சம் மட்டும் காரணமல்ல. அக்காலப் படைகள் பெரும்பாலும் ஜமேதார்கள் திரட்டிவந்த குழுக்களின் தொகுப்பு. வீரனுக்குச் சம்பளம் தருவது அரசு என்னும் அமைப்பு அல்ல, யானைமேல் இருந்த தனிமனிதர். அவர் இறந்தால் பாக்கித்தொகையும் போயிற்று. தொடர்ந்து போரிடுவதற்குக் காரணம் இல்லை. பல குதிரைவீரர்களுக்குக் குதிரை சொந்த உடைமை. குதிரை இறந்தால் பிழைப்பு போய்விடும். ஆகவே பீரங்கிக்கு எதிரே குதிரையைச் செலுத்த அவர்கள் தயங்கினர்.

கம்பெனிப் படையில் தளபதி காயமடைந்தால் அடுத்த அதிகாரி பொறுப்பேற்றார். தொத்தேய் வீழ்ந்தபின்னும் மூன்றாம் தாக்குதல் நடக்க முடிந்தது இதனால்தான். ஆனால் இந்தப் படையும் சம்பளத்துக்கு வெளியே இருந்ததல்ல என்பது எட்டு மாதங்களில் தெரியவந்தது.

வெற்றிக்குப்பின்

ஆம்பூருக்குப்பின் கூட்டணியின் முன் இருந்த முதற்பணி திருச்சிராப்பள்ளியைப் பிடிப்பது. முகமது அலியிடம் அப்போது படையும் பணமும் குறைவு. ஆங்கிலேயர் அனுப்பிய உதவி 120 ஐரோப்பியர்கள் மட்டுமே. ஆங்கிலக் கடற்படைத் தளபதி போஸ்கவன் 1749 அக்டோபரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

வெற்றியாளர்கள் ஆற்காட்டிலும் புதுச்சேரியிலும் விழா நடத்தினர். வில்லியனூர், பாகூர் முதலிய புதுச்சேரியைச் சூழ்ந்த ஊர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு அளிக்கப்பட்டன. தூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இக்காலப் பேச்சுவார்த்தைகளையும் பணக்கொடுக்கல்வாங்கல்களையும் உள்ளிருந்து காட்டும் முதன்மைத் தமிழ்ச் சான்று.

படையினருக்குச் சம்பளம் தரப் பணம் வேண்டியிருந்தது. ஆகவே கூட்டணி திருச்சிராப்பள்ளிக்குச் செல்லாமல் தஞ்சாவூரை முற்றுகையிட்டது. பிரதாப சிம்மன் 70 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார். பின்னர் நகைகளாகவும் பாத்திரங்களாகவும் சிறிது சிறிதாகக் கொடுத்து நாட்களைக் கடத்தினார். அதற்குள் நாசிர் ஜங் பெரும்படையுடன் கர்நாடகத்துக்கு வந்துவிட்டார். மராட்டியத் தளபதி முராரி ராவும், முகமது அலியும், மேஜர் லாரன்ஸின் கீழ் 600 ஐரோப்பியர்களும் அவருடன் சேர்ந்தனர்.

1750-இல் வழுதாவூர் அருகே இரு படைகளும் எதிரெதிரே நின்றன. தஞ்சாவூர்ப் பணத்தில் தங்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்று குறைப்பட்ட பிரெஞ்சு அதிகாரிகள் 13 பேர் பதவி விலகினர். தொத்தேய் படையைப் புதுச்சேரிக்குத் திருப்பினார். சந்தா சாகிப் உடன்சென்றார். முஸாஃபர் ஜங் தன் மாமனிடம் சரணடைந்து விலங்கிடப்பட்டார். ஆம்பூர்க் கூட்டணி போரின்றியே உடைந்தது.

நாசிர் ஜங்கும் தன் கூட்டணியைக் காக்கவில்லை. ஆங்கிலேயர் கேட்ட நிலங்களைத் தராமல் இழுத்தடித்தார், அவர்கள் விலகினர். அவருடன் வந்த கடப்பை, கர்நூல், சவனூர் பட்டாணிய நவாபுகள் தூப்ளேயுடன் மறைவாகப் பேசினர். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தனர். டிசம்பரில் செஞ்சி அருகே நடந்த தாக்குதலின்போது பட்டாணிய நவாபுகள் நாசிர் ஜங்கைக் கொன்றனர். விடுவிக்கப்பட்ட முஸாஃபர் ஜங் நிஜாமானார். கேட்டது கிடைக்காத அதே பட்டாணிய நவாபுகளுடன் நடந்த மோதலில் 1751 பிப்ரவரியில் அவரும் கொல்லப்பட்டார். புஸ்ஸி சலாபத் ஜங்கை நிஜாமாக்கினார். பிரெஞ்சுக்காரர்களின் சிறந்த தளபதி அதன்பின் ஐதராபாத் அரசியலில் தங்கிவிட்டார். திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்ட சந்தா சாகிபுக்கு அவர் உதவி கிடைக்கவில்லை.

ஆற்காட்டு முற்றுகையும் காத்திருந்தவர்களும்

1751-இல் ராபர்ட் கிளைவ் ஏறத்தாழ 200 ஐரோப்பியர்களுடனும் 300 சிப்பாய்களுடனும் ஆற்காட்டைப் பிடித்தார். சந்தா சாகிப் தன் மகன் ராஜா சாகிபை அனுப்பி முற்றுகையிட்டார். திருச்சிராப்பள்ளி முற்றுகையிலிருந்து 4,000 வீரர்கள் பிரிக்கப்பட்டனர். கிளைவ் எதிர்பார்த்தது இதையே. முற்றுகை 50 நாட்கள் நீடித்தது.

முர்தஸா அலி வேலூரிலிருந்து 2,000 வீரர்களுடன் வந்து ராஜா சாகிபுடன் சேர்ந்தார். பின்னர் ராஜா சாகிபுடன் தனக்கு மனக்கசப்பு என்றும், கிளைவ் வெளியே வந்து தாக்கினால் தான் உதவுவதாகவும் செய்தி அனுப்பினார். கிளைவ் அதை நம்பவில்லை. நம்பியதுபோல் காட்டிக்கொண்டு கடிதப் போக்குவரத்தை நீட்டித்தார். அந்நாட்களில் வேலூர்ப் படை தாக்காமல் இருந்தது.

முராரி ராவ் 6,000 குதிரைவீரர்களுடன் ஆற்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் முகாமிட்டிருந்தார். முகமது அலிக்கு ஆதரவாக மைசூர் அவரை அமர்த்தியிருந்தது. ஆனால் எவர் வெல்வார் என்று தெரியும்வரை அவர் நகரவில்லை. கிளைவ் தாக்குப்பிடித்தபின்னரே உதவிக்கு இசைந்தார். அச்செய்தி வந்ததும் ராஜா சாகிப் இறுதித் தாக்குதலை விரைவுபடுத்தினார். அது தோற்றது, முற்றுகை நீங்கியது. ஆரணியிலும் காவேரிப்பாக்கத்திலும் அடுத்தடுத்த தோல்விகள் நிகழ்ந்தன. 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தஞ்சாவூர்த் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிப் தலைவெட்டிக் கொல்லப்பட்டார்.

வெற்றிபெற்ற கூட்டணியும் உடனே உடைந்தது. உதவிக்கு ஈடாகத் திருச்சிராப்பள்ளியைத் தருவதாக முகமது அலி மைசூருக்கு வாக்களித்திருந்தார். வென்றபின் தரவில்லை. மைசூரும் முராரி ராவும் பிரெஞ்சுக்காரர் பக்கம் சென்றனர். போர் மேலும் இரண்டு ஆண்டுகள் நீண்டது.

முர்தஸா அலியின் வழி

1753-இல் தூப்ளே நவாப் பட்டத்தை முர்தஸா அலிக்கு வழங்க முன்வந்தார். படைச்செலவுக்கு அவர் பணம் தரவேண்டும் என்று எதிர்பார்த்தார். பதினோரு ஆண்டுகளுக்குமுன் சம்பள பாக்கி கேட்ட படைக்கு அஞ்சி ஓடியவர் முர்தஸா அலி. இந்த ஏற்பாடும் நிலைக்கவில்லை. 1754-இல் தூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார்.

1756-இல் கப்பம் வசூலிக்க மேஜர் கில்பாட்ரிக் தலைமையில் ஆங்கிலப் படை வேலூருக்கு வந்தது. புதுச்சேரி எதிர்ப்புத் தெரிவித்துப் படையை நகர்த்தியது, ஆங்கிலேயர் திரும்பினர். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் சமபலத்தில் இருந்தவரை வேலூரைத் தாக்குவது எவருக்கும் எளிதாக இல்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. அதன்பின் முகமது அலியின் படையும் ஆங்கிலப் படையும் முற்றுகையிட்டு வேலூரைக் கைப்பற்றின. இரு வல்லமைகளின் போட்டியில் வாழ்ந்த கோட்டை, ஒரு வல்லமை மட்டும் எஞ்சியதும் வீழ்ந்தது.

1767: மீண்டும் ஆம்பூர்

முதல் மைசூர்ப் போரில் நிஜாம் முதலில் ஆங்கிலேயரின் கூட்டாளியாக இருந்தார். பின்னர் ஹைதர் அலியுடன் சேர்ந்தார். செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் 1767 செப்டம்பரில் இக்கூட்டணி தோற்றது. நவம்பரில் ஹைதர் வாணியம்பாடியைப் பிடித்து ஆம்பூரை முற்றுகையிட்டார். கேப்டன் கால்வெர்ட்டின் கீழ் இருந்த சிறுபடை மலைக்கோட்டையில் ஏறத்தாழ நான்கு வாரம் தாக்குப்பிடித்தது. டிசம்பர் தொடக்கத்தில் கர்னல் ஸ்மித்தின் படை வந்ததும் ஹைதர் விலகினார். ஆம்பூரைக் காத்த சிப்பாய்ப் பட்டாளத்துக்கு அவ்வூரின் பெயர் போர்ச்சிறப்புப் பட்டமாக அளிக்கப்பட்டது. 1768 பிப்ரவரியில் நிஜாம் ஆங்கிலேயருடன் தனியே உடன்படிக்கை செய்துகொண்டார்.

மதிப்பீடு

முறை வைத்து ஆடும் வியூக விளையாட்டுகளில் ஒவ்வொரு தரப்பின் படைபலமும் எண்ணாகத் தெரியும். கூட்டாளி சேர்ந்தால் அந்த எண் கூடும். ஆம்பூர்ப் போரில் 40,000 என்ற எண் போரிடவில்லை. போரிட்டவர்கள் 2,400 பேர், மற்றவர்கள் முடிவுக்குக் காத்திருந்தனர். வழுதாவூரில் அந்த 2,400 பேரின் அதிகாரிகளே விலகியதும் மிச்சமிருந்த எண்ணுக்குப் பொருள் இல்லாமல் போயிற்று. ஆற்காட்டில் முராரி ராவின் 6,000 குதிரைகள் போரிடாமலேயே முற்றுகையை அவசரப்படுத்தின.

இக்கூட்டணிகள் அனைத்தும் எதிர்காலத்தில் பிடிக்கப்போகும் நாட்டைப் பங்குவைத்து உருவானவை. நாடு பிடிபடும்வரை ஒற்றுமை இருந்தது. பிடிபட்டதும் வாக்கை நிறைவேற்றினால் வென்றவருக்கு ஒன்றும் மிஞ்சாது, நிறைவேற்றாவிட்டால் கூட்டாளி எதிரியாவான். பட்டாணிய நவாபுகள் இருவரை அடுத்தடுத்துக் கொன்றதும் மைசூர் அணிமாறியதும் இதனால்தான்.

முகமது அலி கடைசிவரை ஒரே கூட்டாளியுடன் நின்றார். அதன் விலையும் பெரிது. படைச்செலவுக்காக ஊர்களின் வரிவருவாய் அடகுவைக்கப்பட்டது. 1763-இல் செங்கல்பட்டுப் பகுதி கம்பெனிக்கு ஜாகீராக அளிக்கப்பட்டது. நவாபின் கடன் 1785-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க்கின் புகழ்பெற்ற உரைக்குப் பொருளானது. 1795-இல் முகமது அலி இறந்தார். 1801-இல் கர்நாடகத்தின் நிர்வாகம் முழுமையாகக் கம்பெனியிடம் சென்றது. ஆம்பூரில் எதிரெதிரே நின்ற இரு நவாப் குடும்பங்களில் எதற்கும் நாடு எஞ்சவில்லை. இருதரப்புச் சம்பளத்தையும் கப்பத்தையும் அரை நூற்றாண்டுக் காலம் வரியாகக் கட்டியவர்கள் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் உழவர்களும் நெசவாளர்களும் வணிகர்களும்.